விருந்தாளித் தண்ணீர்

ஜனவரி 9, 2023

வெள்ளையடிக்கிற ஆள் இன்றும் வரவில்லை. பொங்கலுக்கு அரைச் சுவரோடுதான் நிற்கப் போகிறோம். காலையில் மோட்டார் ஓடாமல் தெருவே குடத்தோடு என் வாசலில். வெள்ளைச்சாமி மாமாவைத் தேடிப் பிடித்து அனுப்பினேன். தொட்டி ஆபரேட்டர் என்பதால் விடவும் முடியாது, என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா என்பதால் திட்டவும் முடியாது. ஊராட்சித் தலைவர் நான். ஆனால் டீக்கடையில் ‘தலைவரே’ என்று கூப்பிடுவது என் வீட்டுக்காரரைத்தான். இவரும் திரும்பிப் பார்க்கிறார்.

பள்ளிக்கூடத்தில் பல் மருத்துவ முகாம். சால்வை போட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டாக்டர் சின்னப் பெண். பிள்ளைகளை வரிசையாக ‘ஈ’ காட்டச் சொன்னாள். ஒவ்வொரு வாயிலும் அதே பழுப்புக் கோடு. இங்கே எல்லோருக்கும் இருக்கிற பல்தான். நான் ஆலங்குடிப் பக்கம் பிறந்தவள், எனக்குக் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் ஊரே வெற்றிலை போடுகிறது என்று நினைத்தேன். டாக்டரிடம் அதைச் சொன்னேன்.

“வெத்தலையும் இல்ல, வெளக்காததும் இல்லங்க மேடம். தண்ணி. பல்லு மொளைக்கிற வயசுல குடிக்கிற தண்ணியில ஃப்ளோரைடு கூடுதலா இருந்தா இப்படித்தான் வரும். விட்டா பின்னாடி எலும்புக்கும் போகும்” என்றாள்.

வரிசையில் எங்கள் இலக்கியாவும் நின்றாள். எட்டாவது படிக்கிறாள். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்: “அப்ப, நான் ஒழுங்கா வெளக்காததுனால இல்லையாம்மா?”

உப்பு, சாம்பல், கரித்தூள் என்று ஈறில் ரத்தம் வரத் தேய்க்கிற பிள்ளை. சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும்.

ஜனவரி 11

குன்றாண்டார்கோவில் யூனியன் ஆபீசுக்குப் போனவள், எங்கள் ஊர்த் தண்ணீரின் பரிசோதனை முடிவையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆலம்பாறைப்பட்டி, ஆழ்துளைக் கிணறு, குடிக்கத் தகுதியானது. ஃப்ளோரைடு 0.4. ஒன்றரைக்கு மேல் போனால்தான் தப்பாம். உப்பு கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. மழைத்தண்ணீர்தான் போங்கள்.

என் வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் சுண்ணாம்பு தோசை தோசையாகப் பெயர்கிறது. அந்த டாக்டர் பெண் பொய் சொல்கிறாளா? பிள்ளைகளின் பல் பொய் சொல்கிறதா?

ஜனவரி 12

மாமாவைத் தொட்டியடியில் பிடித்தேன்.

“சோதனைக்கு எந்தத் தண்ணிய மாமா பிடிச்சு அனுப்புறீங்க?”

“ஊருணித் தண்ணிதான்.” கொஞ்சம்கூடக் கூசவில்லை.

“அவங்க போர்த் தண்ணியத்தானே கேக்குறாங்க?”

“கேப்பாங்க. அதுக்காக? கவர்மெண்டு நம்ம ஊருல ஒரு வாய்த் தண்ணி கேக்குது. அந்த உப்புத் தண்ணியவா குடுக்குறது? ஊரு மானம் என்னாத்துக்கு ஆகுறது? எனக்கு முன்னாடி இருந்தவரும் இப்படித்தான் குடுத்து விட்டாரு.”

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்: “நீ மட்டும் என்னாத்தா? ஒன் வீட்டுக்கு வர்றவுகளுக்கு எந்தக் கொடத்துலேருந்து காப்பி போடுற?”

என் அடுப்படியில் இரண்டு குடம். பிளாஸ்டிக் குடத்தில் எங்களுக்கு போர்த் தண்ணீர். எவர்சில்வர் குடத்தில், வருகிறவர்களுக்கு ஊருணித் தண்ணீர். ஊருணி மழையில் நிறைவது. செருப்போடு யாரும் கரை ஏற மாட்டோம், ஆடுமாடு விட மாட்டோம். தினப்படிக்கு எடுத்தால் சித்திரைக்குள் தரை தெரிந்துவிடும் என்பதால் எடுப்பதில்லை. விசேஷத்துக்கும் விருந்தாளிக்கும் மட்டும். எந்த வீட்டுக்குப் போனாலும் இதே இரண்டு குடம்தான்.

யாரும் திருட்டுத்தனம் பண்ணவில்லை. அரசாங்கத்துக்கு விருந்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். நல்ல தண்ணீரை வந்தவனுக்குக் கொடுத்துவிட்டுக் கெட்டதைப் பெற்ற பிள்ளைக்கு ஊற்றியிருக்கிறோம். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

ஜனவரி 20

புதுக்கோட்டை. தண்ணீர் சோதிக்கிற ஆய்வகம். திருப்பதி என்று ஒரு அலுவலர், நல்ல மாதிரி.

“ஆலம்பாறைப்பட்டியா? ஒங்க ஊருத் தண்ணி சுத்துவட்டாரத்துலயே நம்பர் ஒன் மேடம். ஒரு கேன் வீட்டுக்குக் கொண்டு போலாமான்னுகூட நெனைச்சிருக்கேன்.”

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால் முகம் மாறிவிட்டது. பிறகு விவரமாகச் சொன்னார். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் எங்கள் மெயின் ரோட்டோடுதான் போகிறது. சொந்தத் தண்ணீர் கெட்டுப்போன ஊர்களுக்கு முதலில் கிளை பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எங்கள் தண்ணீர் நம்பர் ஒன். ஆகையால் எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

அந்தக் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது வேலையாட்களுக்கு மோர் கொடுத்தவள் நான். ஊருணித் தண்ணீரில் கரைத்த மோர்.

கழுவின கேன் ஒன்று கொடுத்தார். போர்க் குழாயிலிருந்தே பிடித்து அனுப்பச் சொன்னார். அதிலும் சந்தேகம் வந்தால் கிராமசபையில் தீர்மானம் போட்டுக் கேட்கலாமாம். அவர்களே வந்து ஊர் முன்னால் பிடிப்பார்களாம். அதெல்லாம் எதற்கு? கேனில் தண்ணீர் பிடிக்கத் தெரியாதா எங்களுக்கு!

பிப்ரவரி 2

நானே பக்கத்தில் நின்று, போர்க் குழாயில் மாமாவைப் பிடிக்க வைத்தேன். ஏதோ பாவம் செய்கிறவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தார். டாடா ஏஸில் செங்கல் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போகிற இவரிடம் கேனைக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 15

0.4.

பிப்ரவரி 16

இவர்தான். என் வீட்டுக்காரர்தான். ஊருணிக் கரையில் வண்டியை நிறுத்தி, கேனைக் கவிழ்த்துவிட்டு, மறுபடி நிரப்பிக்கொண்டு போயிருக்கிறார்! கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு சோறு பிசைகிறார்.

“ஏங்க இப்படிப் பண்ணுனீங்க? ஒங்க மகளுக்குப் பல்லப் பாத்தீங்களா இல்லையா?”

“பாத்தேன். எந்தங்கச்சி பல்லையுந்தான் பாக்குறேன். மாசி முடியிறதுக்குள்ள அன்னவாசல் பக்கமிருந்து வந்து பாக்குறோம்னு சொல்லிருக்காங்க. இந்த நேரத்துல நம்ம ஊரு கெட்ட தண்ணி ஊருன்னு கவர்மெண்டே எழுதி வச்சா எவன் வருவான்? அவளுக்கு இருவத்தாறு ஆச்சு ராணி.”

இவர் தங்கச்சி பொற்கொடி அடுப்படியில்தான் நின்றாள். எல்லாம் கேட்டது. தட்டைக் கழுவுகிற சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

அந்தப் பிள்ளைக்காகத்தான் செய்தார், எனக்குப் புரியாமல் இல்லை. ஆனா எம்புள்ளைக்கு யாரு இருக்கா? இன்னும் பன்னெண்டு வருசம் கழிச்சு இவளுக்கும் மாப்பிள்ளை பாக்கையில இன்னொரு கேனைக் கவுத்துவாரா? அவ பெத்ததுக்கு? எத்தனை காலத்துக்குய்யா கவுத்துவீங்க!

பிப்ரவரி 17

சோறு மட்டும் போட்டேன்.

பிப்ரவரி 20

தீர்மானம்தான். வேறு வழியில்லை. வருகிற உலகத் தண்ணீர் தினத்தன்று கிராமசபை இருக்கிறது. அதில் வைக்கப் போகிறேன். இவரிடம் சொல்லிவிட்டேன். “ஒன் இஷ்டம்” என்றார். அப்படி அவர் சொன்னால் வேண்டாம் என்று பொருள். நான், அவர் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 5

பொற்கொடியைப் பார்க்க வந்தார்கள். சித்தன்னவாசலுக்கு அங்கிட்டு ஏதோ ஊர். மாப்பிள்ளை சந்தோஷ், திருப்பூரில் டெய்லரிங் கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் அப்பா ஆண்டியப்பனுக்கு நல்ல தொண்டை.

எவர்சில்வர் குடத்திலிருந்துதான் காப்பி போட்டேன். வேறு எதிலிருந்து போடுவேன்? ஆண்டியப்பன் குடித்துவிட்டு, “தண்ணி அருமையா இருக்கே! எங்க ஊருலயும் இதே மாரிதான், கல்கண்டு” என்றார். என் மாமியார் மருதாயி, “எங்க ஊருத் தண்ணிக்கு ஈடே கெடையாதுங்க” என்று அதற்கு மேல் ஒரு படி போனார். நான் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பொற்கொடி உதட்டைத் திறக்காமல் புன்னகைத்தாள். கண்ணாடி முன்னால் பழகியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனும் ஒன்றும் பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான், மீசையைத் தடவிக்கொண்டே இருந்தான். “அடக்கமான பையன்” என்று மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

பிடித்திருக்கிறதாம். ஆவணியில் கல்யாணம்.

மார்ச் 22

தோற்றுப்போனேன். எழுதிவிடுகிறேன், எழுதினால் ஆறும்.

தீர்மானத்தைப் படித்தேன். அதிகாரிகள் நேரில் வந்து போர்த் தண்ணீரை ஊரார் முன்னிலையில் பிடித்துச் சோதிக்க வேண்டும். இவ்வளவுதான். ஊருணிக் கதையையும் ஒளிக்காமல் சொன்னேன். பழைய தலைவர் செல்லமுத்து எழுந்தார்.

“ஆத்தா, நீ வேற ஊருல பொறந்தவ, ஒனக்கு நோகாது. எங்க பல்லு கறைன்னு தாளுல ஏத்திப்புட்டா அப்பறம் இந்த ஊருல பொண்ணு எடுப்பானா, குடுப்பானா? தண்ணியக் கொண்டு வர்றேன்னு மானத்தக் கொண்டு போயிராத.”

கை தட்டினார்கள். என்னோடு நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்கள்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட ஒருவர்கூட எழவில்லை. இவர் வரவே இல்லை, லோடு இருக்கிறதாம்.

வேற ஊர்க்காரியாம். இந்த ஊர்க் குழாயடியில் முடி நரைத்தவளைப் பார்த்து.

மார்ச் 23

விடமாட்டேன். மே ஒன்றாம் தேதி மறுபடி கிராமசபை. அதிலும் வைப்பேன். அதற்கடுத்து ஆகஸ்ட் பதினைந்து. அதிலும் தோற்றால் அக்டோபர் இரண்டு. செல்லமுத்துவின் தொண்டை முதலில் கட்டுகிறதா, என்னுடையதா, பார்க்கலாம்.

மார்ச் 30

வீடு வீடாகப் போனேன். ஓட்டுக் கேட்ட காலத்தில்கூட இப்படி நடக்கவில்லை. தீர்மானத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: “ரெண்டு கொடத்துல எதை ஒங்க புள்ளைக்கு ஊத்துறீங்க?” காப்பி கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் நல்ல காப்பி.

ஏப்ரல் 9

சாயங்காலம் பொற்கொடி மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். பிப்ரவரிக்குப் பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவள், என் கையைப் பிடித்து உலுக்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. பயந்துவிட்டேன்.

“அண்ணி, அவருக்கும் அதே பல்லு!”

“யாருக்குடி?”

“அவருக்குத்தான். லீவுக்கு ஊருக்கு வந்திருக்காரு, வீடியோ கால்ல பேசிக்கிட்டு இருந்தோம். பின்னாடி ஆடு வந்து அவரு காலரைக் கடிச்சு இழுத்துருச்சு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு, கைய வைக்க மறந்துட்டேன். அவரும் சிரிச்சுட்டாரு. பாத்தா… அப்படியே நம்ம ஊரு பல்லு, அண்ணி. ரெண்டு பேரும் அப்படியே ஒறைஞ்சு போயி உக்காந்திருந்தோம்.”

அவர்கள் ஊரிலும் போர்த் தண்ணீர்தானாம். அங்கேயும் விருந்தாளிக்குத் தனிக் குடமாம். சோதனைக்கு அனுப்புவதும் அந்தக் குடத்திலிருந்துதானாம். பெண் பார்க்க வரும்போது பேசவே கூடாது, தலையை மட்டும் ஆட்டு என்று ஆண்டியப்பன் சொல்லிக் கூட்டிவந்தாராம்.

கல்கண்டாம் கல்கண்டு! இரண்டு வீடும் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வாயைப் பொத்திக்கொண்டு சம்பந்தம் பேசியிருக்கிறோம். அடுப்படியில் உட்கார்ந்து நானும் அவளும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பாதியில் அவள் அழுதாள். நானும்தான்.

மே 1

கிராமசபை. தீர்மானத்தை மறுபடி படித்தேன். செல்லமுத்து மறுபடி எழுந்தார், அதே பேச்சு. பொண்ணு எடுப்பானா, குடுப்பானா.

பெண்கள் பக்கமிருந்து பொற்கொடி எழுந்தாள். நான் சொல்லி வைக்கவில்லை. சத்தியமாக இல்லை.

“பெரியப்பா, நான் கல்யாணம் ஆகப்போற பொண்ணு. என் பல்லு இதுதான்.” ஈ என்று காட்டினாள், டாக்டரிடம் பிள்ளைகள் காட்டியது மாதிரி. “மாப்பிள்ளைக்குத் தெரியும். அவருக்கும் இதே பல்லுதான். மானத்தக் காப்பாத்துறேன்னு என்னைய ஒரு போட்டோவுலயும் சிரிக்க விடாம வளத்தீங்க. எனக்குப் போனது போகட்டும். எலக்கியாவாச்சும் கையெடுத்துட்டுச் சிரிக்கட்டும்.”

அவள் நேரே வந்து முதல் கையெழுத்தைப் போட்டாள். அடுத்து வெள்ளைச்சாமி மாமா. “நாந்தான் பிடிச்சு அனுப்புனேன், நானே எழுதுறேன்” என்றார். பிறகு பெண்கள் வரிசை. கடைசி ஆளாக இவர். வந்து நின்றதே எனக்குத் தெரியாது. பேனாவைக் கேட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது.

செல்லமுத்து போடவில்லை. அவர் மருமகள் போட்டாள்.

மே 18

திருப்பதி வந்தார். தொட்டியடியில் ஊரே கூட்டம், தேர் பார்க்கிற மாதிரி. குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டார். பிடித்து, மூடி, சீல் வைத்தார். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எங்கே மறுபடி கை நீண்டுவிடுமோ என்று அவருக்கே பயம் போலிருக்கிறது.

முடிந்ததும் என் மாமியார் காப்பி கொண்டுவந்தார். திருப்பதி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இதுதானா மேடம் அந்த நம்பர் ஒன்?”

மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. பாராட்டு என்று நினைத்து இன்னொரு டம்ளர் ஊற்றினார்.

ஜூன் 5

2.9. ஒன்றரைதான் எல்லை, ஏறக்குறைய இரண்டு பங்கு.

எதிர்பார்த்ததுதான். ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்படுகிற விஷயமா இது? இத்தனை வருடம் இதைத்தான் காய்ச்சி, ஆற்றி, டம்ளரில் ஊற்றி, ‘குடிடி கண்ணு’ என்று கொடுத்தேன்.

ஜூன் 12

கெட்ட தண்ணீர் வருகிற குழாய்க்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்க வேண்டும், அது விதி. பெயிண்ட் டப்பாவோடு நான் கிளம்பியபோது இவர் வாங்கிக்கொண்டார். அவரே அடித்தார். ‘குடிக்கக் கூடாது, புழங்க மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார். மெயின் ரோட்டில் போகிற பஸ்சிலிருந்து தெரிகிற மாதிரிப் பெரிதாக.

“இம்புட்டுப் பெருசா எதுக்குங்க?”

“கேனைக் கவுத்துனவன் எழுதுறது, பெருசாத்தான் இருக்கணும்” என்றார்.

பிப்ரவரிக்குப் பிறகு இன்றைக்குத்தான் சரியாகப் பேசினோம்.

ஜூலை 3

குடிக்க லாரித் தண்ணீர், ஒரு நாள் விட்டு ஒரு நாள். சண்டை, இடி, குடம் நசுங்கல். என் பெயரைச் சொல்லித்தான் வைகிறார்கள். வையட்டும். ஆனால் சிவப்புக் குழாயில் ஒரு பிள்ளைகூட வாய் வைக்கவில்லை. இலக்கியாவும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் முறை வைத்துக் காவல் நிற்கிறார்கள். அதிகாரம் என்றால் என்ன என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இந்த வருடம் மழை பெய்தால் ஊருணித் தண்ணீர் முதலில் பிள்ளைகளுக்கு. விருந்தாளிக்கு மிச்சம் இருந்தால். இதற்குத் தீர்மானம் தேவைப்படவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆகஸ்ட் 20

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. போட்டோக்காரர், “கொஞ்சம் சிரிங்க” என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், முழுப் பல்லும் தெரிய. போட்டோக்காரர் கேமராவைக் கொஞ்சம் இறக்கினார். “எடுங்கண்ணே, இதுதான் எங்க பல்லு” என்றாள் பொற்கொடி. ஆண்டியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்க வீட்டுக்காரரும்.

அக்டோபர் 2

கிராமசபை. காவிரிக் கிளைக் குழாய்க்கு உத்தரவு வந்துவிட்டதைப் படித்தேன். செல்லமுத்து எழுந்து, எங்கள் தெருவுக்குத்தான் முதலில் வர வேண்டும் என்று சண்டை போட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அக்டோபர் 15

பள்ளம் பிள்ளையார் கோயில் வரை வந்திருக்கிறது. பாறை குறுக்கிடுகிறதாம், கம்ப்ரசர் வர வேண்டுமாம். தண்ணீர் வருவதற்குத் தை மாசி ஆகிவிடும். வரட்டும். எழுதி எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மதியம் பொற்கொடி மாமனார் வீட்டிலிருந்து போன் பண்ணினாள். ஏதோ விசேஷம் சொல்லப் போகிறாள் என்று மாமியார் காதை ஒட்டிக்கொண்டு நின்றார். அவள் சொன்னது வேறு.

“அண்ணி, இங்கிட்டு எல்லாரும் நல்லாருக்காங்க. அண்ணன் லோடு ஏத்திக்கிட்டு வந்தா ஒரு கேன் குடுத்து விடுங்க. காலிக் கேன்தான். எங்க தெரு போர்ல நானே பிடிக்கப் போறேன்.”

கேனைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அவர்கள் ஊர்ப் பெயரை இலக்கியா எழுதி ஒட்டியிருக்கிறாள். பொற்கொடிக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: பிடித்த பிறகு எவரிடமும் கொடுத்து அனுப்பாதே, முக்கியமாக வீட்டுக்காரரிடம். பஸ்சில் மடியில் வைத்து ஆய்வகத்துக்கு நீயே கொண்டுபோ.

டாடா ஏஸைத் துடைத்துக்கொண்டிருந்த இவருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.